ராயல் மெட்டில்டாவின் ஏழடிப் பலகை

அத்தியாயம் 7

நூறு பீரங்கி சுமந்த போர்க்கப்பலில் ஒரே ஒரு பலகை காணாமல் போனதற்காக ஒரு மனிதனைத் தூக்கில் போடப் போகிறார்கள். முப்பத்தெட்டு வருடங்களில் அதே கப்பலில் பன்றி இறைச்சி காணாமல் போயிருக்கிறது, ரம் பீப்பாய் காணாமல் போயிருக்கிறது, ஒருமுறை பாய்மரமே காணாமல் போயிருக்கிறது. அதற்கெல்லாம் யாரும் யாரையும் தொங்கவிடவில்லை. ஆனால் காணாமல் போனது பித்தளைத் தகடு அடித்த பலகையாயிற்றே!

லெப்டினன்ட் ஒபதியா ஸ்கெல்டன் இதையெல்லாம் யோசித்தபடி காவல் அறைச் சுவரில் சாய்ந்து நின்றான். ஹார்மவுத் கப்பல் தளத்தின் வாசலை ஒட்டிய அறை அது. உள்ளே ஒரு மேசை, மேசைமேல் இரண்டு பலகைத் துண்டுகள், மூலையில் கைவிலங்கோடு தச்சன் ஜோபி ட்ராஸ்க். மேசைக்கு முன்னால், தையல் அளவு நாடாவைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு திர்ஸா பென்ஃபோல்ட்.

ஊருக்கு அவள் பென்ஃபோல்டம்மா. இருபது வருடமாகத் தளத்தின் போர்க்கப்பல்களுக்கெல்லாம் கொடி தைக்கிற விதவை. தைக்கிற நேரம் போக மீதி நேரத்தில் ஊரில் யார் என்ன பொய் சொன்னார்கள் என்று கண்டுபிடிப்பாள். அது தைப்பதைவிட அதிக வேலை. ஸ்கெல்டன் அவளுக்குத் துணை. கடற்படையில் ஓர் அட்மிரலிடம், "ஐயா, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்" என்று உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக ஆறு வருடமாகக் கரையில் கிடக்கிறவன். இப்போதைக்கு அவன் கட்டளைக்குக் கீழே இருப்பது அவளுடைய துணிப்பை ஒன்றுதான்.

"எவ்வளவு?" என்றான் ஸ்கெல்டன்.

"ரெண்டடி பதினோரு அங்குலம்" என்றாள் திர்ஸா. அடுத்த துண்டில் நாடாவை வைத்தாள். "இதுவும் ரெண்டடி பதினொண்ணு."

"அப்ப கதை முடிஞ்சது, மேடம். வாங்க, வீட்டுக்குப் போய் ஏதாவது கொடி தைங்க. வெள்ளைக் கொடியா இருந்தா நல்லது."

முடிந்த மாதிரிதான் இருந்தது. ஹார்மவுத் தளத்தில் ஒரு பழைய சலுகை உண்டு. மரத்தை அறுக்கும்போது மிஞ்சுகிற துண்டைத் தச்சர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். சில்லு என்பார்கள். சில்லு மூன்றடிக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்று வாசற்கதவில் அரசாணை ஒட்டியிருக்கிறது. விளைவு, நல்ல மரமெல்லாம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தற்செயலாக உடைந்துகொண்டே இருக்கும். ஊரில் பாதி வீடு அந்தத் தற்செயலால் கட்டியது.

மேசைமேல் கிடந்தது சாதாரண மரமில்லை. "இவ்விடத்தில் அட்மிரல் ஸ்டக்லி வீழ்ந்தார், 1759" என்ற தகடு அடித்த, ராயல் மெட்டில்டாவின் மேல்தளப் பலகை. கப்பல் கிழடாகிவிட்டதென்று இந்த 1786 ஜூலையில் அதை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பலகையை மட்டும் அட்மிரலின் தம்பி மகன் சர் லூஷியஸ் ஸ்டக்லி தன் மாளிகைக்குக் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பலகையைக் காணோம். புதன்கிழமை ட்ராஸ்கின் கட்டிலுக்கு அடியில் இரண்டு துண்டாகக் கிடைத்தது. இன்று வியாழன். மாலை நான்கு மணிக்கு நீதிபதி வருகிறார். நாளை காலை விசாரணை. நாற்பது ஷில்லிங்குக்கு, அதாவது இரண்டு பவுனுக்கு, மேல் பெறுமானமுள்ள பொருளைக் கப்பலில் திருடினால் தூக்கு. சர் லூஷியஸ் அந்தப் பலகைக்கு ஐந்நூறு பவுன் மதிப்புப் போட்டிருந்தார். ஒரே ஆளை இருநூற்றைம்பது தடவை தூக்கில் போட வசதி இல்லையே என்பதுதான் அவர் வருத்தமாக இருக்கவேண்டும்.

"ட்ராஸ்க்" என்றாள் திர்ஸா. "நீ எடுத்தியா?"

"இல்லம்மா."

"யாரு எடுத்தா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லுப்பா" என்றான் ஸ்கெல்டன். "நாளைக்கு உன் கழுத்தைப் பிடிக்கறவன் பதிலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டான்."

ட்ராஸ்க் நிமிர்ந்தான். "கெசியாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. தொட்டிலை யாருக்கும் குடுக்க வேணாம்னு. யாரு கேட்டாலும்."

அவ்வளவுதான். மறுபடி தரையைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் திர்ஸா பைக்குள் கைவிட்டு ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தாள். 'ராயல் மெட்டில்டாவின் வீர வரலாறு.' எழுதியவர் சர் லூஷியஸ் ஸ்டக்லி. அடுத்த தேர்தலில் பாராளுமன்றத்துக்கு நிற்கப்போகிறவர். வீடு வீடாக இலவசமாகக் கொடுத்திருந்தார். ஊரில் அடுப்புப் பற்றவைக்க நல்ல காகிதம் என்று பெயர்.

"பதினோராம் பக்கம்" என்றாள். "'ஏழடி நீளமுள்ள அப்புனிதப் பலகையில் அழியாத குருதிக்கறை இன்றும் காணலாகும்.' பாத்தீங்களா?"

"குருதிக்கறையா? நான் அந்தக் கப்பல்ல அஞ்சு வருஷம் இருந்தவன் மேடம். தினமும் விடிஞ்சா மணல் போட்டு, கல்லை வெச்சு, முட்டிபோட்டுத் தேய்க்கணும். இருபத்தேழு வருஷமா அந்தத் தேய்ப்புக்குத் தாக்குப்பிடிச்ச ரத்தம்னா, அட்மிரல் உடம்புல ஓடினது கப்பல்ல பூசற தாராத்தான் இருக்கணும்."

"கறையை விடுங்க. ஏழடின்னு போட்டிருக்கு. ரெண்டு துண்டையும் கூட்டுங்க."

ஸ்கெல்டன் விரல் விட்டான். "அஞ்சடி பத்து."

"மீதி பதினாலு அங்குலம் எங்க?"

"ரம்பம் தின்னிருக்கும்."

"அவ்வளவு பசியுள்ள ரம்பம் இந்த ஊர்ல இல்ல, லெப்டினன்ட். வாங்க."

*

ட்ராஸ்கின் வீடு கயிற்றுப் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. வீடு என்பதைவிட, பல போர்க்கப்பல்களின் சில்லுகள் ஒன்றுகூடி எடுத்த முடிவு என்று சொல்லலாம். கதவு ஒரு கப்பல், ஜன்னல் ஒரு கப்பல், அலமாரி இன்னொன்று. மாடிப்படி மூன்று கப்பல்களின் கூட்டுப்படை. ஸ்கெல்டன் அதில் பாதி ஏறி, தோள் இரண்டும் சுவரில் முட்டி நின்றுபோனான்.

"மேடம், நான் மாட்டிக்கிட்டேன்."

"அப்படியே நில்லுங்க" என்று அவன் முழங்கால் பக்கத்தில் படியில் நாடாவைப் பிடித்தாள் திர்ஸா. அடுத்த படி. அதற்கடுத்த படி. பிறகு இறங்கிப்போய்க் கதவை அளந்தாள். அலமாரியை அளந்தாள்.

கெசியா ட்ராஸ்க் நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "பென்ஃபோல்டக்கா, என்ன பண்றீங்க? படி சரியில்லன்னு சொல்லத்தான் வந்தீங்களா?"

"படி ரொம்பச் சரியா இருக்குடி. நேத்து சோதனை போட வந்தாங்கள்ல, என்ன நடந்தது?"

"சர் லூஷியஸோட ஆளுங்க நாலு பேரு. நேரா கட்டிலுக்குத்தான் போனாங்க. குனிஞ்சாங்க, எடுத்தாங்க. வெச்சவனுக்குக்கூட அவ்ளோ சீக்கிரம் ஞாபகம் வராது."

"எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"எங்க போனாங்க! அதுக்கப்பறம்தான் தேடவே ஆரம்பிச்சாங்க. மாவுப் பானையக் கொட்டினாங்க, மெத்தையக் கிழிச்சாங்க, அடுப்புச் சாம்பலைக் கிளறினாங்க. தொட்டிலை மட்டும் எட்டிப் பாத்துட்டு விட்டுட்டாங்க. ரெண்டு மணி நேரம். என்ன வேணும்னு கேட்டா சொல்லல."

படியில் மாட்டியிருந்த ஸ்கெல்டன் கழுத்தை மட்டும் திருப்பினான். "திருடுபோனதைக் கண்டுபிடிச்சப்பறமும் தேடற ஆளுங்களை இப்பத்தான் கேள்விப்படறேன். எங்க ஊர்ல எல்லாம் திருடுபோனதையே தேட மாட்டாங்க."

"திங்கக்கிழமை ட்ராஸ்க் எங்க இருந்தான்?" என்றாள் திர்ஸா.

"கப்பல்லதான். அந்தப் பலகையக் கழட்டினதே அவருதான். சாயங்காலம் நங்கூரம் சாராயக்கடையில, எனக்குப் புள்ள பிறக்கப் போகுதுன்னு எல்லாருக்கும் பீர் வாங்கிக் குடுத்தாராம். குடிச்சிட்டு, 'அட்மிரல் விழுந்த பலகையாம், அட்மிரல்!'னு விழுந்து விழுந்து சிரிச்சாராம். அப்பறம் திடீர்னு அழுதாராம். ஏன்னு எங்கிட்டகூடச் சொல்லல. ராத்திரி பூரா உக்காந்து அதோ அந்தத் தொட்டிலை முடிச்சாரு."

ஜன்னல் ஓரத்தில் தொட்டில் இருந்தது. பழைய சில்லுகளால் செய்து இழைத்தது. தலைமாட்டுப் பலகை மட்டும் நிறம் மாறி, மற்றதைவிடத் தடிமனாக இருந்தது. திர்ஸா அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். தொட்டிலுக்குள் விரித்திருந்த குட்டிப் போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலைமாட்டின் உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பலகையில் கையை வைத்தாள். அவள் கண் கலங்கியது ஸ்கெல்டனுக்குப் படியிலிருந்தே தெரிந்தது. என்ன பார்த்தாள் என்பதுதான் தெரியவில்லை.

"என்ன மேடம் அது?"

"தொட்டில்."

"அது எனக்கும் தெரியுது."

"கெசியா, நாலு மணிக்கு இந்தத் தொட்டிலைத் தூக்கிக்கிட்டு தளத்து வாசலுக்கு வந்துரு. பக்கத்து வீட்டுல யாரையாவது ஒரு கை பிடிக்கச் சொல்லு."

"யாருக்கும் குடுக்க வேணாம்னு அவரு..."

"குடுக்க வேணாம். கொண்டு வா, போதும்."

ஸ்கெல்டனைப் படியிலிருந்து உருவி எடுக்க இரண்டு பெண்களும் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. ஒரு பொத்தான் மட்டும் அந்த வீட்டிலேயே நின்றுவிட்டது.

*

வாசற்காவலர் பன்ஸ் முப்பது வருடமாக அந்த வாசலில் நிற்கிறார். குள்ளமான மனிதர். சில்லு அளக்கத் தளம் கொடுத்த ஓக் கோல்தான் அவருக்கு ஊன்றுகோல். மூன்றடிக் கோலை ஊன்றி நடக்கும் அளவுக்குக் கடவுள் அவரைக் கச்சிதமாகப் படைத்திருந்தார்.

"பன்ஸ், உங்க கோலைக் கொஞ்சம் குடுங்க" என்றாள் திர்ஸா.

"எதுக்கும்மா?"

"உடம்பு அளந்து சட்டை தைக்கப் போறேன்."

நாடாவை வைத்தாள். பிறகு நாடாவை ஸ்கெல்டனிடம் காட்டினாள். ஸ்கெல்டன் குனிந்து பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். கதவில் ஒட்டிய அரசாணையைப் பார்த்தான். மறுபடி கோலைப் பார்த்தான்.

"ரெண்டடி ஒன்பதரை!" என்றான்.

"முப்பது வருஷமா ஊணுறேன்ல, தேயாதா?" என்றார் பன்ஸ். "என் முட்டியும்தான் தேஞ்சுபோச்சு. அதை யாரு அளக்கறா?"

"அப்ப சில்லு?"

"ரெண்டடி ஒன்பது. அதுக்குமேல ஒரு மயிரிழை இருந்தாலும் விடமாட்டேன். புதுசா சேர்ற பையன் எவனாவது முதல் நாள் ரெண்டடி பதினொண்ணு கொண்டு வருவான். பிடுங்கி அடுப்புல போடுவேன். ரெண்டாவது நாள் சரியா வருவான். இந்த ஊர்ல புத்தகம் படிக்காதவன் உண்டு. இந்தக் கணக்குத் தெரியாதவன் கிடையாது."

ஸ்கெல்டன் மெல்லச் சீட்டியடித்தான். காலையில் கதை முடிந்தது என்று சொன்னது நினைவுக்கு வந்து, அதை யாரும் நினைவுபடுத்தாதபடி உரக்கப் பேசினான். "நான் அப்பவே சொன்னேன்ல மேடம், அந்த அளவுல ஏதோ தப்பு இருக்குன்னு."

"சொன்னீங்க. வெள்ளைக் கொடி தைக்கச் சொன்னீங்க."

திர்ஸா வீர வரலாற்றைப் பிரித்தாள். "இதைக் கேளுங்க. நாப்பத்தொண்ணாம் பக்கம், கடைசி வரி. '1770ஆம் ஆண்டில் கப்பல் துறைமுகத்தில் கம்பீரமாக ஓய்வு கொண்டது.' நாப்பத்திரெண்டாம் பக்கம், முதல் வரி. '1774ஆம் ஆண்டில் மீண்டும் கடலை ஆளப் புறப்பட்டது.' நடுவுல நாலு வருஷம் எங்க?"

"கம்பீரமா தூங்கிடுச்சு போல."

"எழுபத்து மூணுல அதுக்குப் புதுக் கொடி தைச்சவ நான். ஏன் புதுக் கொடி? கப்பலே புதுசாயிருந்தது. மேல்தளம், கீழ்த்தளம், விலாப் பலகை, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு மறுபடி கட்டினாங்க. பழசுல மிஞ்சினது பேரும் எலியும்தான்."

ஸ்கெல்டனுக்கு இப்போதுதான் உறைத்தது. அந்தக் கப்பலின் உண்மையான வரலாறு அவனுக்குத் தெரியும். இரண்டாயிரம் ஓக் மரம் வெட்டி 1748இல் கட்டினார்கள். எண்ணூற்றைம்பது பேர் அதில் மூச்சுமுட்டப் படுத்துத் தூங்கினார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு போர், கேப் மொராந்தாவில், இரண்டே மணி நேரம். மீதி வாழ்நாள் முழுக்கப் பழுதுபார்த்தார்கள். எதிரி சுட்டுத் துளைத்ததைவிடப் புழு அரித்துத் துளைத்தது அதிகம். ஆனாலும் ஊர் முழுக்க அந்தப் பலகையைக் கும்பிட்டது. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. பலகையைப் பார்க்க வருகிறவர்கள்தான் சாராயக்கடைகளுக்குச் சோறு போடுகிறார்கள்.

"அப்ப அட்மிரல் விழுந்த பலகை..."

"அதை யாராவது நிரூபிக்கணும்" என்றாள் திர்ஸா. "பன்ஸ், இந்த வாசல்ல நீங்க அளக்காம விடறது எது?"

"ஒண்ணே ஒண்ணுதான். சர் லூஷியஸோட வண்டி. ஊர் மாஜிஸ்திரேட்டாச்சே. செவ்வாக்கிழமைகூட வந்துட்டுப் போனாரு."

திர்ஸா ஸ்கெல்டனைத் திரும்பிப் பார்த்தாள். "லெப்டினன்ட், நாலு மணிக்கு நீதிபதியைக் கூட்டிக்கிட்டு அவர் கப்பலைச் சுத்திக்காட்ட வர்றார். அந்தப் பலகைத் துண்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போய்க் கப்பல் மேல வெச்சுக் காட்டி, அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகப் போறாராம். எனக்கு அவர் நடந்து வெளிய வரணும்."

"அவர் ஜென்மத்துல நடந்ததில்லையே."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க."

*

நான்கேகாலுக்கு ராயல் மெட்டில்டாவின் மேல்தளத்தில் சர் லூஷியஸ் முழங்கினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார். பாதிப் பலகை பிடுங்கிய தளம் பல்போன வாய் மாதிரி இருந்தது. நீதிபதி ஹார்பட்டில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டில் வாத்து உண்டா என்று யோசிக்கிற முகத்தோடு நின்றார்.

"இங்கேதான் பிரபு, என் பெரியப்பா வீழ்ந்தார்! இந்தப் பலகையை என் வீட்டுக் கணப்புக்கு மேல பதிக்கறதா இருந்தேன். அதுக்குன்னே ஒரு மாடம் கட்டினேன். அஞ்சடி பத்து அங்குலம், சரியா."

"பலகை ஏழடியாமே" என்றார் நீதிபதி. "புத்தகத்தில் படித்தேன்."

"திங்கட்கிழமை அளவா வெட்டச் சொன்னேன் பிரபு. தகடு இல்லாத முனையைத்தான் வெட்டினாங்க. அந்தக் களவாணிப் பயல் ட்ராஸ்க்தான் வெட்டினான். அப்பவே கண்ணு வெச்சிட்டான்!"

ஓரமாக, அடக்க ஒடுக்கமாகத் துண்டுகளைச் சுமந்து நின்ற ஸ்கெல்டன் இதை மனதில் பத்திரப்படுத்திக்கொண்டான். சுமக்க ஆள் வேண்டுமா என்று அவனே போய்க் கேட்டிருந்தான். அதற்கு முன்னால் சர் லூஷியஸின் வண்டிக்காரனிடம், "சக்கரத்து ஆணி ஆடுதேப்பா, நீதிபதி உருண்டா உன்னைத்தான் தூக்குல போடுவாங்க" என்று அக்கறையாகச் சொல்லி, வண்டியைக் கொல்லனிடம் அனுப்பியிருந்தான்.

ஆகவே எல்லோரும் நடந்தார்கள். சர் லூஷியஸ், தன் காலைத் தானே பயன்படுத்துகிற அவமானத்தைத் தாங்கிக்கொண்டு முன்னால் போனார். வாசலில் திர்ஸா நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் கெசியா, கீழே துணி போர்த்திய தொட்டில். காவல் அறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ட்ராஸ்கின் முகம் தெரிந்தது. தொட்டிலைப் பார்த்ததும் அவன் கம்பியை இறுகப் பிடித்தான்.

"நில்லுங்க!" என்றார் பன்ஸ். கோல் ஸ்கெல்டனின் நெஞ்சில் முட்டியது. "தோள்ல என்ன?"

"புனிதப் பொருள்" என்றான் ஸ்கெல்டன்.

"புனிதமோ என்னவோ, மரம்தானே. கீழ வையுங்க துரை." பன்ஸ் ஒரு துண்டின்மேல் கோலை வைத்தார். அடுத்ததன்மேல் வைத்தார். "போகாது. நீளம்."

சர் லூஷியஸ் சிரித்தார். "கிழவா, விதி மூணடி. அது ரெண்டடி பதினொண்ணு. விட்டுத் தொலை."

"விதி மூணடிதான் துரை. மூணடின்னா எவ்ளோன்னு சொல்றது இந்தக் கோலு." பன்ஸ் கோலைத் தூக்கிக் காட்டினார். "முப்பது வருஷமா இதைத் தாண்டி ஒண்ணும் போனதில்ல."

நீதிபதி முதல் தடவையாக வாத்தை மறந்தார். "ஆனால் இந்தத் துண்டுகள் வெளியே போயிருக்கின்றனவே. குற்றமே அதுதானே?"

"அதேதான் பிரபு நாங்களும் கேக்கறோம்" என்று திர்ஸா முன்னால் வந்தாள். "இந்த ஊர்ல தச்சன் எவனா இருந்தாலும் தூக்கத்துல எழுப்பி ரம்பத்தைக் குடுங்க, ரெண்டடி ஒன்பதுலதான் அறுப்பான். ட்ராஸ்க் வீட்டுப் படி, கதவு, அலமாரி எல்லாத்தையும் அளந்துட்டேன். எல்லாமே ரெண்டடி ஒன்பது. இதை அறுத்தவர் பாவம், கதவுல ஒட்டினதைப் படிச்சு நம்பிட்டார்."

"அதைப் படிக்கற ஆளே இந்த ஊர்ல கொஞ்சம்" என்றான் ஸ்கெல்டன். "அதுல புத்தகம் எழுதறவர் ஒருத்தர்தான்."

சர் லூஷியஸின் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. "என்ன உளறல்! அந்தப் பயல் ஆத்து வழியா படகுல கடத்தியிருப்பான்!"

"படகுல கொண்டுபோறவன் எதுக்கு துரை அறுக்கணும்?" என்றாள் திர்ஸா. "முழுசாவே கொண்டுபோயிருக்கலாமே. வாசல் வழியாப் போன மாதிரி காட்டணும்னு நினைச்சவர்தான் அறுத்திருக்கார். பன்ஸ், அளக்காம வெளிய போறது எது?"

"சர் லூஷியஸோட வண்டி, அம்மா. செவ்வாக்கிழமை போச்சு."

நீதிபதி மெதுவாகக் கேட்டார். "தனக்கென்று கொடுத்த பலகையை அவர் ஏன் திருடவேண்டும்?"

"பலகைக்கு அவர் ஆசைப்படல பிரபு. வெட்டின முனைக்குத்தான். திங்கக்கிழமை ஒருத்தன் சாராயக்கடையில சிரிச்சது அவர் காதுக்குப் போயிருக்கு. முனை எங்கன்னு தெரியல. அதைத் தேட வீட்டுக்குள்ள போகணும், அந்த ஆளோட வாயையும் அடைக்கணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே திருட்டு. வண்டியில கொண்டுபோனதை அறுத்து அவன் கட்டிலுக்கு அடியில வெச்சாச்சு. பலகை திரும்பக் கிடைச்சதும் 'காயம்பட்ட பலகை'ன்னு புத்தகத்துல இன்னொரு பக்கம் சேக்கலாம்." திர்ஸா கெசியாவின் தோளைத் தொட்டாள். "காட்டும்மா."

கெசியா துணியை விலக்கினாள். தொட்டிலின் தலைமாட்டில், உள்பக்கம், உளியால் ஆழமாகச் செதுக்கிய எழுத்துகள். டி. ட்ராஸ்க், 1771.

"தளத்துல பலகை போடற தச்சன் முனைக்கு அடியில தன் பேரையும் வருஷத்தையும் செதுக்கறது வழக்கம்" என்றார் பன்ஸ். "தாமஸ் ட்ராஸ்க். ஜோபியோட அப்பன்."

நீதிபதி எழுத்தைத் தடவிப் பார்த்தார். ஸ்கெல்டன் கீழே வைத்த துண்டை எடுத்து, வெட்டு வாயைத் தலைமாட்டின் வெட்டு வாயோடு சேர்த்துப் பார்த்தார். மரத்தின் ரேகை ஒன்றுவிடாமல் தொடர்ந்தது.

"பெரியப்பா விழுந்தது ஐம்பத்தொன்பதில்" என்றார். "பலகை போட்டது எழுபத்தொன்றில்."

"கொஞ்சம் உயரத்துல இருந்து விழுந்திருப்பார் பிரபு" என்றான் ஸ்கெல்டன். "கீழ வந்து சேர பன்னிரண்டு வருஷம் ஆயிருக்கு."

நீதிபதி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். சர் லூஷியஸ் வண்டியைத் தேடினார். வண்டி கொல்லனிடம் இருந்தது.

"முனையை எடுத்ததும் திருட்டுதான்!" என்று அவர் கடைசியாக ஒரு பீரங்கிக் குண்டு வீசினார். "அதுக்கே அவனைத் தூக்குல போடலாம்!"

"பதினாலு அங்குலம் துரை" என்றார் பன்ஸ். "நீங்க வெட்டச் சொன்னீங்க, மிஞ்சிச்சு. மிஞ்சினா சில்லு. நானே அளந்து விட்டேன்."

காவல் அறைக் கதவைத் திறக்க நீதிபதி சொல்லவேண்டியிருக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். சர் லூஷியஸைத் தன்னோடு வரச்சொல்லி, இரவுச் சாப்பாடு இனி சத்திரத்தில்தான் என்றும் சொன்னார். ட்ராஸ்க் வெளியே வந்தான். கெசியாவைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், நேராகத் தொட்டிலிடம் போய் உட்கார்ந்தான்.

"முட்டாப்பயலே, காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் ஸ்கெல்டன்.

"சொன்னா எடுத்துட்டுப் போய் எரிச்சிருப்பாங்க துரை." ட்ராஸ்க் அந்த எழுத்தின்மேல் கையை வைத்தான். "எங்கப்பா இந்தப் பலகையப் போட்ட மறுவாரம், பாய்மரச் சாரத்துல இருந்து இதுமேலதான் விழுந்தாரு. அங்கேயே உயிர் போச்சு. எனக்கு ஒம்பது வயசு. அவரோட பேரு எழுதினது உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு. அட்மிரல் விழுந்தார்னு தகடு அடிச்சிருக்காங்களேன்னு சிரிச்சேன். அப்பறம் அழுகை வந்திருச்சு."

ஸ்கெல்டன் தொப்பியைக் கழற்றினான். ஆறு வருடத்தில் முதல் தடவை. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த அட்மிரலுக்குக்கூட அவன் கழற்றியதில்லை. திர்ஸா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

ட்ராஸ்க் தொட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். கெசியா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலைத் தாண்டப் போனார்கள்.

"நில்லு" என்றார் பன்ஸ்.

ட்ராஸ்க் நின்றான். கிழவர் மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, கோலை எடுத்துத் தொட்டிலின் நீளத்துக்கு வைத்துப் பார்த்தார். ஒரு தடவை. நிதானமாக இன்னொரு தடவை.

"ரெண்டடி ஒன்பது" என்றார். "போகலாம்."